சாய்த்துப் பார்த்த குழாய்

சாப்பாட்டு மேஜையில் கால் நகம் வெட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் தங்கையின் கணவர் வெட்டுவார். வெட்டியதைத் தட்டின் ஓரத்தில் குவித்து, அதே தட்டில் வாய் கொப்பளித்துத் துப்புவார். நான் ஓய்வு பெற்று அவர்கள் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் பார்த்த தட்டுகளை அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிடலாம்.

நான் விஷமுறிவு மருந்துக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் பாம்பு விஷம் கறந்தவன். கறந்ததையெல்லாம் ஒரே குளத்தில் விட்டால் யானை நீச்சல் பழகும். விஷம் என்பது மாயமில்லை, ஐயா. முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெறும் புரதம். ஒரு புரதம் சதையைக் கூழாக்கும். இன்னொன்று, இரத்தத்தை உறைய வைக்கும் சரக்கையெல்லாம் தின்று தீர்க்கும்.

அன்று காலை தோட்டத்துச் செங்கல் குவியலில் விரியன் பாம்பு தங்கை கணவரின் காலில் கடித்தது.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ண்ணே,” என்று தங்கை பதறினாள்.

“இரும்மா. எல்லாக் கடியிலயும் விஷம் இறங்காது. பாத்துச் சொல்றேன்.”

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்க்க வேண்டும். ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். சன்னல் பக்கம் திரும்பி நின்று சாய்த்தேன்.

“நல்லா உறைஞ்சிருக்கு மாப்ள. சும்மா பயமுறுத்திட்டுப் போயிருக்கு.”

“பாத்தியாடி, என்னைக் கடிச்ச பாம்புதான் செத்திருக்கும்,” என்று அவர் தங்கையிடம் சிரித்தார்.

மதியம் கால் பூசணியாக வீங்கியது. தோல் கறுத்துக் கொப்புளம் விட்டது. ஈறில் கசிந்த இரத்தத்தை வழக்கம்போலத் தட்டில் துப்பினார். “ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்,” என்றேன். மாலையில் சிறுநீர் சிவந்தது. பிறகு தலைவலி என்றார். அதற்குப்பின் எழவில்லை; இரவே உயிர் போனது.

நீங்கள் நல்ல மனிதர், இன்ஸ்பெக்டர் ஐயா. “வயசாயிடுச்சு பெரியவரே, கண்ணு மங்கித் தப்பா பாத்திருப்பீங்க. அப்படியே எழுதிடவா?” என்று கேட்கிறீர்கள். வெளியே அழுதுகொண்டிருக்கும் என் தங்கையும் அதையேதான் சொல்கிறாளாம். எழுதினால் நான் வீட்டுக்குப் போய்விடலாம்.

எழுதாதீர்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு குழாயைக்கூட நான் தப்பாகப் பார்த்ததில்லை. சாய்த்ததும் இரத்தம் தண்ணீராக ஓடியது. தெளிவாகப் பார்த்தேன், கழுவிக் கவிழ்த்தேன், பிறகுதான் திரும்பி அவர்களிடம் உறைந்துவிட்டது என்றேன். என் வேலையில் குறை இல்லை, ஐயா. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.