சனிக்கிழமைக்கு ஒரு கோட்டு

கறுப்பு வேணாம் மாஸ்டர். கறுப்பைப் போட்டா எவனுக்கோ கார் கதவு திறந்துவிட வந்தவன் மாதிரியே இருப்பேன். இருபத்திரெண்டு வருஷமா அதைத்தானே செஞ்சேன். அந்த நீலத்துணிய எடு. விலையா? நான் கேட்டேனா? எடுய்யா.

ஆமா, ஆல்டோவுக்குத்தான் கார் ஓட்டறேன். நீயும் அவருக்குத் தைக்கறவன்தானே, என்னமோ தெரியாத மாதிரி கேக்கற. நெவார்க் டவுன்ல இந்தப் பக்கம் அவர் வெச்சதுதான் சட்டம். அவருக்காக லாரி கடத்தியிருக்கேன், கடைக்காரன் கையை ஒடிச்சிருக்கேன். அவர் பேரைச் சொல்லாம ஜெயில்ல களி தின்னேன். வெளிய வந்தப்ப என்ன குடுத்தார் தெரியுமா? கட்டிப்புடிச்சு, திங்கறதுக்கு ஒரு பன்னிக்கறி சலாமி குடுத்தார். சிரிக்காத, நெசமாத்தான். முழு சலாமி.

ஆல்டோ கூட்டத்தைக் குடும்பம்னுதான் சொல்வானுங்க. அதுல சேக்கணும்னா அப்பன் இத்தாலிக்காரனா இருக்கணுமாம். எங்கப்பன் போலந்துக்காரன், துறைமுகத்துல மூட்டை தூக்கினவன். எங்கம்மா சிசிலிக்காரி, அசல் இத்தாலிக்காரிதான். அவ வைக்கற குழம்பை இந்தப் பயலுக தட்டை வழிச்சு நக்குவானுங்க. ஆனா அவ ரத்தம் கணக்குல வராது. நான் கடைசி வரைக்கும் வெளியாள்தான்.

அந்த ஜீனோ இருக்கானே, ஆல்டோவோட அக்கா மகன், அவனை மூக்கு ஒழுகறப்பவே எனக்குத் தெரியும். போன வருஷம்தான் விரலைக் குத்தி, சத்தியம் வாங்கி, குடும்பத்துல சேத்தாங்க. மறுநாளே, லென்னி, காபி எடுத்துட்டு வான்னு என்னை ஏவறான். எடுத்துட்டுப் போனேன் மாஸ்டர், என்ன பண்றது? குடும்பத்துல சேந்தவன் மேல வெளியாள் கை வைக்கக்கூடாது. மூஞ்சில துப்பினாலும் தொடச்சிக்கிட்டுப் போகணும். எங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடமே அதான்.

ரோக் புனிதர் திருவிழாவுக்கு நீயும் வந்திருந்த இல்ல? முன்னாடியே போயிட்டியா, சரி. அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. புனிதர் சொரூபத்துல காணிக்கையா டாலர் நோட்டுக் குத்தணும்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவா வரா. இந்த ஜீனோ நாயி நடுத்தெருவுல நின்னு கேக்கறான், ஏ கெழவி, அந்தக் காலத்துல ஒரு இத்தாலிக்காரன் கூடவா உனக்குச் சிக்கல, சிக்கியிருந்தா உன் மகன் இப்படி எங்க எச்சிக் கோப்பையைக் கழுவிக்கிட்டு இருப்பானாங்கறான். கூட நின்னதுங்க பல்லை இளிக்குதுங்க. அம்மா அந்த நோட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கறா.

விட்டேன் பாரு ஒண்ணு. பல்லு தெறிச்சுது. பேண்டு வாசிக்கறவன் கூட நிறுத்திட்டான்.

வருத்தமா? எனக்கா? இன்னொண்ணு விடாமப் போனோமேன்னுதான் வயிறு எரியுது.

ஆல்டோகிட்ட நானே போனேன். சனிக்கிழமை வாடா, நல்லா உடுத்திட்டு வா, ஜீனோகிட்ட ஒரு மன்னிப்புக் கேளு, பேசி முடிச்சிடலாம்னார். என் மூஞ்சியப் பாக்காமயே சொன்னார். எத்தனை பேரை இப்படிப் பேசி முடிக்கற இடத்துக்கு நான் கார்ல கூட்டிட்டுப் போயிருக்கேன், எனக்கா தெரியாது? ஒண்ணே ஒண்ணு கேட்டேன். முகத்துல மட்டும் சுட வேணாம், அம்மா கடைசியாப் பாக்கணும்னேன்.

சரின்னு தலையை ஆட்டினார் மாஸ்டர். என்னடா உளர்ற, அப்படியெல்லாம் விட்டுடுவேனான்னு ஒரு பொய் சொல்லக்கூடாது? இத்தனை வருஷம் நாயா உழைச்சதுக்கு ஒரு பொய்க்குக் கூடவா நான் லாயக்கில்ல?

ஓடறதா? எங்க ஓடறது? நான் ஓடினா என் தங்கச்சி மகன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவானுங்க. அம்மா அந்தத் தெருவை விட்டு நகரமாட்டா. அதெல்லாம் யோசிச்சாச்சு.

ஏய், நீ எதுக்கு அழற? டேப்பைப் புடி. கையைத் தொங்கவிட்டு அளவு எடுக்காத. இந்தா, இப்படி மடக்கி நெஞ்சு மேல வெச்சுக்கறேன், இதுக்கு எடு. கையில ஜெபமாலை சுத்திப் பெட்டியில வைப்பாங்க இல்ல, அப்பக் கோட்டுக்கை மேல ஏறி மணிக்கட்டு தெரிஞ்சா அம்மாவுக்குப் பிடிக்காது.