மாமனூடு எங்கீங்க?

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒட்டுக்கேட்கும் உத்தேசம் எனக்கில்லை. சின்னவளின் குரல் அப்படி.

"ஒத்த வார்த்தைய வெச்சு எங்க மாமனப் புடிச்சுட்டேனுங்க அக்கா!"

"எங்கீங்க?"

"பொன்னானியில. சின்னதுல லீவு உட்டாக் கடல் பாக்க மாமனூட்டுக்குத்தான் போவோம். அப்புறம் அவருக்கும் எங்கப்பனுக்கும் சண்டை. அம்மா அழுதழுதே ஓஞ்சுட்டாங்க. நேத்து நானே போனேன். தெருவே மாறிக் கெடக்குது."

"அப்புறம்?"

"பதட்டத்துல பேரச் சொல்லாம, மீன்காரர்கிட்ட 'எங்க மாமனூடு எங்கீங்க'ன்னு கேட்டுப்புட்டேன். சிரிச்சுட்டாரு. வீட்டை ஊடுங்கற ஆளு இந்த ஊர்ல ஒருத்தருதான்னு சொல்லி, நேரா வாசல்ல கொண்டாந்து உட்டுட்டாரு!"

"மாமன் பேசுனாருங்களா?"

அவள் முன்வரிசையில் இருந்த கிழவரைச் சிரித்தபடி காட்டினாள்.

பஸ் கொழிஞ்சாம்பாறையில் நிற்குமுன்பே அவர் எழுந்துவிட்டார்.

"வழி உடுங்க, வழி உடுங்க! என்ற தங்கச்சி ஊடு வந்துருச்சு!"