துளசிராமனுக்கு அந்த வார்த்தையே ஆவாது

…நவுராத சார், நவுராத! குந்தினபடியே குந்து. "ரவ அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், குந்துங்க"ன்னு நீ சொல்லப்போற, மூஞ்சிலயே எழுதி ஒட்டிகீது. அந்த வார்த்த மட்டும் இன்னிக்கி என் காதுல வுழக் கூடாது. வுழுந்துச்சின்னா நான் மனுசனா இருக்க மாட்டேன், ஆமா. பெஞ்சில எடம் இல்லன்னா நான் பாட்டுக்கு நின்னுக்கறேன்… எடம் கீதா? அப்ப சரி, குந்தறேன்.

காத்தால ஆரம்பாக்கத்துல ரயிலு ஏறினேன் சார். மூணு பேரு குந்தற பலகைல நாலாவதா என்னை ஏத்திக்கினாங்க. அது நாயம்தான், நானும் டிக்கெட்டு வாங்கினவன்தானே. ஆனா எளாவூர்ல ஒருத்தன் ஏறினான் பாரு, தலைல ஒரு கோழிக்கூடய சுமந்துக்கினு! "அண்ணே, ரவ அட்ஜஸ்ட் பண்ணு"ன்றான். உனக்காடா, கோழிக்காடான்னேன். ரெண்டுக்கும் சேத்துத்தானாம். கும்மிடிப்பூண்டி வர்ற வரிக்கும் பலகையோட முனையில அரை ஆளா குந்திக்கினு வந்தேன். எறங்கசொல்ல ஒரு வார்த்த நல்லதா சொன்னானா? கோழி கூட திரும்பிப் பாக்கல.

நீ எந்தூரு சார்? ஆர்.கே.பேட்டையா! அடேங்கப்பா… அம்மாந் தூரத்துலேர்ந்தா? நேத்தே கெளம்பியிருப்ப. வேலைக்கா வந்துகீற? இன்டர்வியூவா? நல்லது, நல்லது. நல்ல கம்பெனிதான். அலுமினியப் பாத்திரம் செய்றோம்… இட்லிக்குண்டான், அன்னக்கூட, டபரா… உங்கூட்லயும் ஒண்ணு கீறும். நான் துளசிராமன். பர்னஸ்ல, அலுமினியம் உருக்கற உலைல கீறேன். பர்மனென்ட்டு. கம்பெனி தொறந்த வருசமே சேந்தவன். பர்னஸ்ல பர்மனென்ட்டுன்னா நான் ஒருத்தன்தான், மத்தவனெல்லாம் காஷுவலு, தினக்கூலி.

இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீறேன்னு கேக்கறியா? விசாரணை. உள்ள இப்ப அப்பாவுன்னு ஒருத்தன் கீறான். அவன மேனேஜரு கேட்டுக்கினு கீறாரு. அவன் வெளிய வந்தா அடுத்தது நான், கதவாண்ட கீற மேரியம்மா பேரு சொல்லிக் கூப்புடும். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு இன்னிக்கி சீட்டு கிழிஞ்சிடும். பயப்படாத சார், எனக்கில்ல. அதெல்லாம் பேசி முடிச்சாச்சி.

எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒரே வார்த்ததான். அட்ஜஸ்டு! எந்த வெள்ளைக்காரன் இஸ்துக்கினு வந்து வுட்டுட்டுப் போனானோ! தமிழ்ல இதுக்கு இன்னா வார்த்த, சொல்லு பாப்போம். அனுசரிச்சிப் போறதா? அது மாமியாரு மருமவளுக்கு சொல்றது. வுட்டுக் குடுக்கறதா? அது பெருந்தன்ம. இது ரெண்டும் இல்ல சார். எதிராளி உன் கால மிதிச்சிக்கினு நின்னா, நீ கால இஸ்துக்காம நின்னு சிரிக்கணும். அதான் அட்ஜஸ்டு.

எங்க பிட்டரு சொல்லுவாரு… பர்னர்ல எண்ண ஜாஸ்தியா வந்துச்சின்னா ஸ்க்ரூவ அட்ஜஸ்ட் பண்ணுன்னு. இப்டி ரவ, அப்டி ரவ. அது மிஷினுக்கு சொன்ன வார்த்த சார். அங்க ரெண்டு பக்கமும் திருப்பலாம். மனுசங்கிட்ட வந்தா ஒரே பக்கம்தான்! மேல கீறவன் கீழ கீறவன திருவிக்கினே இருப்பான். போன மாசம் கேன்டீன்ல சாம்பாரு ஊத்தறான், பருப்ப தேடித் தேடி கண்ணு பூத்துப்போச்சி. கேட்டா, "இந்த வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்றான். அதே மேனேஜராண்ட போயி, "சார், நான் நாளைக்கி லேட்டா வருவேன், ரவ அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிப் பாரு. திமிரும்பாரு!

ஊட்லயும் அதே பேஜாருதான். என் மச்சான் பச்சையப்பன்னு ஒருத்தன், என் சம்சாரம் குணசுந்தரியோட தம்பி… பொங்கலுக்கு வந்தான் சார். கரும்பு துன்னான், மாடு வெரட்டினான், சரி கெளம்புவான்னு பாத்தா ஆடி வந்துடுச்சி, இன்னும் என் லுங்கியக் கட்டிக்கினு சுத்தறான். குணசுந்தரியாண்ட கேட்டா, "எந்தம்பிதானே, ரவ அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா"ன்றா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போவாத பொம்பள சார்! அவளுக்கு இந்த ஒரு இங்கிலீசு மட்டும் எவன் சொல்லிக் குடுத்தான்? ரேஷன் கடைல கேக்கவே வாணாம். அரிசி போடுறான்னு நின்னா கோதும. கோதுமய நான் இன்னா பண்றது, கோழிக்கா போடறது?

கோழின்னதும் அந்த ரயில்காரன் ஞாபகம் வருது… சரி வுடு. எங்க வுட்டேன்? ஆங், விசாரணை.

ராத்திரி டூட்டின்னா இன்னான்னு உனக்குத் தெரியணும் சார், நாளைக்கி நீயே பாக்கப்போற. பானைல உருகின அலுமினியம் கீதே, அத ராவெல்லாம் ஆற வுடக் கூடாது. பர்னர் எரிஞ்சிக்கினே கீணும். அதுக்கு ஒரே ஒரு ஆளு. முழிச்சிக்கினு குந்தியிருந்தா போதும், அம்மாந்தான் வேல. அதனால நாங்க எங்களுக்குள்ளாறவே மாத்திக்குவோம். எழுதறது கெடையாது, சொல்றது கெடையாது. "ராத்திரி டூட்டி ஒண்ணு கீது, பாத்துக்கறியா?" "பாத்துக்கறேன்." முடிஞ்சிச்சி! யாரு டூட்டி, எவன் குடுத்தான்னெல்லாம் கேக்க மாட்டோம். கேட்டா மரியாத இல்ல. சூப்பர்வைசரும் கண்டுக்க மாட்டாரு, எவனோ ஒருத்தன் பர்னஸாண்ட கீறானா, அம்மாந்தான் அவருக்கு.

போன வெள்ளிக்கிழம ராத்திரி டூட்டி என்து. பேரு என்து, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு மறுநாளு நடவு. ராவோட ராவா தண்ணி கட்டி, சேறு கலக்கி சேட ஓட்டி வெச்சாத்தான் காத்தால பொம்பளைங்க நாத்து நடும். மச்சான் செய்வானான்னு கேக்காத. அவனுக்கு சேறு ஒத்துக்காதாம்! நான் இன்னா பண்ணேன், எங்க பர்னஸ்லயே கீற ஆசீர்வாதத்தாண்ட சொன்னேன். நல்ல மனுசன், சரின்னான். அப்பால அவனுக்கு ஞாபகம் வந்துகீது, அவங்க மாதா கோயில்ல அன்னிக்கித் தேரு. அவன் அத அப்பாவு தலைல கட்டிட்டான். அப்பாவு காஷுவலு, எதுக்கும் வாணான்னு சொல்ல மாட்டான், சரின்னுட்டான். ஊட்டுக்குப் போனா, அவன் பொஞ்சாதி முத்தம்மா, மாசமா கீது, வெள்ளிக்கிழம அதோட அம்மா ஊட்ல வளைகாப்பு, இட்டுக்கினு போயி மறுநாளு இட்டாரணுமாம். அவன் அத இன்னொரு ஆளாண்ட குடுத்துட்டான்.

அப்பறம் இன்னாவா? இன்னா ஆவும்! வெள்ளிக்கிழம ராத்திரி பர்னஸாண்ட ஒரு ஈ காக்கா இல்ல. எண்ண தீந்து பர்னர் அணைஞ்சிடுச்சி. காத்தால வந்து மூடியத் தொறந்தா, அலுமினியம் ஆறிப்போன களி மாதிரி கெட்டியா குந்திக்கினு கீது! பானைய ஒடைச்சித்தான் எடுக்கணும். கேஸு எம்மேல. ஏன்னா பேரு என்து.

அந்த இன்னொரு ஆளு யாருன்றியா? அது… அது இப்ப இன்னாத்துக்கு சார்? அந்தப் பேச்ச வுடு. டீ குடிச்சியா? இங்க கேன்டீன் டீ வாணாம், கேட்டுக்கு வெளிய கடை கீது, பஜ்ஜி நல்லா இருக்கும்…

இன்னா சார் இப்டிப் பாக்கற? சரி, சொல்லித் தொலைக்கறேன். வியாழக்கிழம அந்தக் கடைலதான் நின்னுக்கினு இருந்தேன். கைல பஜ்ஜி, சட்னி ஒழுகுது. அப்பாவு வந்து காதாண்ட, "அண்ணே, நாளைக்கி ராத்திரி டூட்டி ஒண்ணு என் தலைல வுழுந்துடுச்சி, பாத்துக்கறியா?"ன்னான். யாரு டூட்டின்னு நான் கேக்கல. கேக்கறது மரியாத இல்லியே! "அதுக்கின்னாடா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் போ"ன்னேன்.

என் டூட்டி சார்! என் டூட்டியையே என்னாண்ட கொண்டாந்து குடுத்துகீறான், நானும் வாங்கி வெச்சிக்கினேன்! ராவுக்கு ஒரே ஆளுதானேன்னு அப்ப மண்டைல ஏறல, பஜ்ஜி ருசி. நடவு கீதேன்னு ஞாபகம் இல்லாம இல்ல. ஆசீர்வாதத்தாண்ட தள்ளி வுட்டுடலாம்னு நெனச்சேன். மறுநாளு தேடினா அவன் தேருக்குப் பூட்டான். அப்பறம் சேட ஓட்டற மும்முரத்துல… மும்முரம் இன்னா மும்முரம், மழ ஊத்திச்சி, ஏரக் கூடத் தொடல. நல்லா இழுத்துப் போத்திக்கினு தூங்கினேன்.

சிரிக்காத சார். ஒருத்தன் பொழப்பு போவுது, உனக்கு சிரிப்பு.

அதான் நேத்து சாயங்காலம் அப்பாவு ஊட்டுக்கே நேராப் போனேன். ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிக்கினு போனேன். எடுத்துச் சொன்னேன். "பாரு நைனா, நீ டூட்டிய வாங்கினது வரிக்கும் சொல்லு. என்னாண்ட திருப்பிக் குடுத்தத மட்டும் சொல்லாத. தூங்கிட்டேன்னு சொல்லிடு. நீ காஷுவலு, இங்க இல்லன்னா இன்னொரு எடம். நான் பர்மனென்ட்டு, எனக்கு இத வுட்டா வேற நாதியில்ல. நீ ரவ அட்ஜஸ்ட்…" ஆமா சார், சொன்னேன்! வேற எப்டி சொல்றது? அவசரத்துக்கு வாயில அதான் வந்துச்சி. முத்தம்மா கைல புது வளையலோட வாசப்படியாண்ட நின்னு கேட்டுக்கினே இருந்துச்சி. அதும் மூஞ்சிய நான் நிமிந்து பாக்கல. எப்டிப் பாக்கறது? அப்பாவு பழத்த வாங்கி உள்ள வெச்சான். வாங்கிக்கினான்னா ஒத்துக்கினான்னுதானே அர்த்தம்?

இரு இரு, கதவு தொறக்குது. அதோ, அவந்தான் அப்பாவு. பாவம், தலையக் குனிஞ்சிக்கினு வர்றான். டேய் அப்பாவு!… பாக்காமப் போறான் பாரு. துக்கம் சார், பேச முடியாது. ஆனா… வெளிய போற கேட்டு இந்தாண்ட இல்ல கீது? இவன் இன்னா அந்தாண்ட போறான்? அது பர்னஸுக்குப் போற வழியாச்சே… கையுறைய மாட்டிக்கினு போறான் சார்!

மேரியம்மா, அடுத்தது நான்தானே? இவரில்லம்மா, இவரு இன்டர்வியூவுக்கு வந்தவரு, எனக்கு அப்பறம்… இன்னாது, இவரத்தான் கூப்புடறாரா?

சார், ஒரு நிமிட்டு. எழுந்துக்காத, குந்து. உன்ன எந்த வேலைக்கின்னு கூப்ட்டாங்க? நான் கேக்கவே இல்ல பாரு… பர்னஸா. காஷுவலுதானே?… இன்னா சார் தலைய ஆட்டற? பர்மனென்ட்டா? பர்னஸ்ல பர்மனென்ட்டு நான் ஒருத்தன்தானே சார் கீறேன்…

சார்! ஆர்.கே.பேட்டைலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள நீ கெழவனாயிடுவ சார். வாணான்னு சொல்லிடு. எனக்கு நடவும் போச்சி சார், மழைல நாத்தெல்லாம் அழுவிப்போச்சி. ஊட்ல மச்சானோட சேத்து அத்தினி வாயி… சார், கதவ சாத்தாத சார்…

மேரியம்மா. எம்மா, நீயாவது உள்ள போயி சொல்லும்மா. எம்மாந் நேரம் ஆனாலும் நான் இங்கியே குந்திக்கினு கீறேன்னு சொல்லு. வருசம் முச்சூடும் ராத்திரி டூட்டியே போட்டாலும் சரி. காஷுவலா வெச்சிக்கினாலும் சரி. அப்பாவுக்குக் கீழயே நின்னாலும் சரி. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்னு சொல்லும்மா.