முள்மரம் வரைக்கும்

— அட்ராக்டாம்மா, எந்திரிங்க. மழை வலுக்குது, இவரை மியூசியம் வண்டியில ஏத்தணும்.

— செத்தவனைத் தனியா விட்டுட்டுப் போற வழக்கம் எங்க மோனகன் ஊர்ல கிடையாது, ஓர்லா. அந்த பிளாஸ்க்கை இப்படித் தள்ளு. உனக்கும் டீ இருக்கு.

— சொல்லவே சங்கடமா இருக்கும்மா. இது உங்க பையன் ஃபின்டன் இல்ல.

— காலையில போலீஸ்காரன் தொப்பியைக் கழட்டிட்டு நின்னானே!

— அவர் மேல தப்பில்ல. தோலு, நகம், தாடி முள்ளு எல்லாம் அப்படியே இருந்தா, அந்தக் கலவர காலத்துல துப்பாக்கிக்காரங்க இழுத்துட்டுப் போன உங்க பையன்னுதான் யாருக்கும் தோணும். இந்தச் சதுப்பு எதையும் மக்க விடாது. கழுத்துல முறுக்கின தோல்கயிறு பாருங்க. ஏசு பிறக்கறதுக்கு முந்தின ஆளு.

— மாதாவே! இவனுக்கும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டே கிடந்திருப்பா, பாவம். சரி, காலு எங்க?

— அடுப்பெரிக்க இந்தச் சதுப்பு மண்ணை வெட்டுற மெஷின் துண்டிச்சிருக்கும். தேடணும். இனி இங்க மெஷின் இறங்காது. கரண்டியால சுரண்டி, ஒரு பிடி மண்ணு விடாம சலிப்போம்.

— எதுவரைக்கும்?

— அந்த வாய்க்கால் வரைக்கும்.

— ஒத்தை முள்மரம் வரைக்கும்னு சொல்லு.

— அவ்வளவு தூரம் எதுக்கும்மா? அதுவும் முள்மரத்தடியில உங்க ஊர்க்காரங்க யாரும் மண்வெட்டி வைக்க மாட்டாங்களாமே. மண்ணுக்கடியில வாழுற மாயக்காரங்க இடம், தொட்டா குடும்பம் விளங்காதுன்னு எங்க டிரைவர்கூட அந்தப் பக்கம் போகல.

— போலீஸ் தேடினப்பவும் அதே கதைதான். கூலிக்கு வந்தவனுங்க சுத்திச் சுத்தித் தோண்டினானுங்க, மரத்துக்கிட்ட மட்டும் போகல. ஃபின்டனைப் புதைச்சவனுங்களும் இந்த ஊர்ப் பயலுகதான். எவனும் தொடாத இடம் எதுன்னு அவனுங்களுக்குத் தெரியாதா? நீ டப்ளின்காரி. உனக்கு அந்தப் பயம் கிடையாது.

— அம்மா, நான் பழங்காலத்தைத் தேடுறவ...

— தேடு. யாரு வேணாம்னா? நடுவுல என் பிள்ளை கிடைச்சா கூப்பிடு. முள்மரம் வரைக்கும்னு நீ வாயால சொல்ற வரைக்கும் இவன் பக்கத்துலேருந்து நகர மாட்டேன். சேத்தோட சேத்தா என்னையும் வண்டியில ஏத்திக்கோ.

— சரி... முள்மரம் வரைக்கும். நானே முதல்ல இறங்குறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். இவரைப் பார்த்ததும் "என் மகன்"னு விழுந்து கதறினீங்களாமே. நான் வேற ஆளுன்னு சொன்னப்ப ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலயே?

— பெத்தவளுக்கு முகம் தெரியாதா, மகளே? "யாரோ ஒருத்தன்"னு சொல்லியிருந்தா, அந்த மெஷின்காரன் திரும்ப மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிருப்பான்.