பச்சையிலேயே நிக்கிற லைட்டு

— ஃப்யூஸ் நல்லாத்தாண்ணே இருக்கு. இதோ பாருங்க, கண்ணாடிக்குள்ள கம்பி அறுந்து போகல. ஃப்யூஸ் போயிருந்தா பச்சை லைட்டே எரிஞ்சிருக்காது.

— அதத்தாம்ப்பா ரவி நானும் சொல்றேன். பச்சை எரியுது. எரிஞ்சிட்டே இருக்குது. மஞ்சளுக்கு ஏறவே மாட்டேங்குது. பச்சைன்னா கக்கூஸ் டேங்க் காலின்னு அர்த்தம். முந்தாநாள்லருந்து ஒரு பொம்பள இந்த வண்டிக்குள்ளயே இருக்கா. டேங்க் எப்படிப்பா காலியா இருக்கும்?

— ஏங்க, விடுங்களேன். லைட்டு எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா? கெளம்பலாம்.

— நீ பேசாம படு அமலி. ஜன்னலை மூடிக்கோ, வெல்டிங் புகை உள்ள வரும். நான் ஒண்ணொண்ணா பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன்.

— அண்ணி, டீ சொல்லட்டுமா? எங்க ஷெட்டுக்கு எதுத்தாப்லயே கடை. ஹெப்பகோடிலயே இவன் மாதிரி இஞ்சி டீ ஒருத்தனும் போட மாட்டான்.

— வேணாம் தம்பி. டீ பேரச் சொன்னாலே குமட்டுது.

— நேத்துலருந்து இப்படித்தான் ரவி. இட்லி வேணாம், கஞ்சி வேணாம். புள்ளையப் பாக்கப் போற படபடப்பு.

— பிரகாஷையா? சேலம் ஜெயிலுக்கா போறீங்க? நான் ஏதோ வேளாங்கண்ணிக்குன்னுல்ல நெனச்சேன்.

— நாளைக்குக் காலைல மனு போட்டுப் பாக்கணும். அப்புறம் பண்டிகை லீவு, பாக்க விட மாட்டாங்க. இன்னிக்கு மெள்ளமா ஓட்டி தர்மபுரில தங்கிட்டு, விடிஞ்சதும் சேலம். அவ உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டும். நான் போகப் போறதில்ல. வண்டிலயே இருப்பேன்.

— இன்னும் கோவமாண்ணே?

— ஓசூர்ல ஒரு சாராயக் கடை வாசல்ல, பாட்டிலை ஒடச்சு ஒருத்தன் வயித்துல சொருகிட்டான். செத்தவனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. கோர்ட்ல அதுங்க என் எதுத்தாப்லதான் உக்காந்திருந்துச்சுங்க. அதுக்கப்புறம் அவன் மூஞ்சியப் பாக்க எனக்கு மனசு வரலப்பா. பெத்தவளுக்கு அப்படி இல்ல. அவ பாக்கட்டும்.

— சரி விடுங்கண்ணே. மீட்டரைப் பாப்போம். பக்கத்துல இருக்கற இந்த இன்னொரு மீட்டர் எதுக்கு?

— அது கை கழுவற தொட்டிக்கு. அந்தத் தண்ணி தனி டேங்க்ல போய் விழுது. அது ஒழுங்கா காட்டுது பாரு. நேத்தே மஞ்சள் வந்துருச்சு, இப்ப சிவப்பு. ரெண்டும் ஒண்ணா எஸ்.பி. ரோட்ல ஒரே கடைல வாங்கினது. ஒண்ணு வேலை செய்யுது, ஒண்ணு செய்யல.

— அப்படின்னா ஈஸிண்ணே. ஒந்து நிமிஷம். கை கழுவற டேங்க்லருந்து வர்ற வயரைக் கழட்டி, கக்கூஸ் மீட்டர்ல சொருகறேன். பாருங்க இப்ப.

— சிவப்பு வருது.

— மீட்டர் சரியா இருக்கு. ஆய்த்து, அதை விட்டுடலாம். கோளாறு வயர்ல இருக்கணும், இல்லன்னா கீழ டேங்க்ல இருக்கணும். எலி கடிச்சிருக்குமாண்ணே?

— வண்டி வீட்டு வாசல்லதான் நின்னுச்சு. ரிச்சர்ட்ஸ் டவுன்ல எலிக்குப் பஞ்சமா? நீ வண்டிக்கடில போ. நான் இங்கருந்து லைட்டைப் பாத்துச் சொல்றேன்.

— ஏங்க, அந்தத் தம்பிய எதுக்கு வண்டிக்கடில படுக்க வைக்கறீங்க? பாவம்.

— அவன் தொழிலே அதான்டி.

— சும்மா படுத்துக் கெடக்கறதுக்கு ஒரு வேலை கெடச்சுதேன்னு சந்தோஷம்தான் அண்ணி! அண்ணே, டேங்க் ஓரத்துல மூணு ஸ்க்ரூ தெரியுது. இதுங்கதானா?

— அதேதான். தண்ணி ஏறி எந்த ஸ்க்ரூவத் தொடுதோ அந்த லைட்டு மேல எரியும். ஃபாரின் வண்டில எல்லாம் இப்படித்தான் வெச்சிருப்பாங்க.

— ஸ்க்ரூல இருக்கற வயரைக் கழட்டிட்டேன். ரெண்டு முனையையும் ஒண்ணா வெச்சுத் தொடறேன். லைட்டு?

— சிவப்பு. நல்லா எரியுது.

— வயரும் சரிதாண்ணே. எலி பாவம், நாமதான் வீணா பழி போட்டோம். மிச்சம் ஸ்க்ரூதான். டேங்க்குக்கு உள்பக்கம் அழுக்கு புடிச்சிருக்கும். தண்ணி தொட்டாலும் கரண்ட்டு தாண்டாது.

— ரெண்டே நாள்லயா அவ்ளோ அழுக்கு புடிக்கும்? எதுக்கும் ஒரு பக்கெட் தண்ணி மேலருந்து ஊத்திப் பாத்துரலாமா?

— வேணாண்ணே! ஏற்கனவே ரொம்பி இருந்துச்சுன்னா அத்தனையும் எதுத்துக்கிட்டு வண்டிக்குள்ள வந்துரும். அண்ணி உள்ள படுத்திருக்காங்க.

— அதுக்குத்தாம்ப்பா நான் பயப்படறேன். லைட்டை நம்பாம போயி, நடுரோட்ல பொங்கிச்சுன்னா இன்னா பண்றது? முன்ன கோர்ட்டுக்குப் போனப்ப நடந்தது போதும்.

— அதை எதுக்கு இப்ப?

— ரவி இன்னா வெளியாளா? கேஸு நடக்கறப்ப பஸ்ல கூட்டிட்டுப் போனேன் ரவி. சக்கரை ஒடம்பு, கிட்னியும் பாதி போச்சு, டாக்டர் நீர் மாத்திரை குடுத்திருந்தார். அரை மணிக்கு ஒருக்கா போகணும். கண்டக்டரைக் கெஞ்சினா. நிறுத்தலப்பா. சூளகிரி தாண்டறதுக்குள்ள சீட்லயே... பின்னாடி உக்காந்திருந்த பசங்க சிரிச்சானுங்க. அன்னிக்குக் கோர்ட்டுக்குள்ள அவ வரல. ஈரப் பொடவையோட வெளிய மரத்தடிலயே நின்னா. புள்ளைய வேன்ல ஏத்திட்டுப் போனதை தூரத்துலருந்து பாத்தா. அதுதான் கடைசி.

— போதுங்க.

— அதுக்கப்புறம் வாசப்படி தாண்டல. கோயிலுக்குக் கூட வரல. நான் ரிடையர் ஆனதும் இந்த ஸ்கூல் வேனை வாங்கினேன். வாழ்நாள் பூரா ஊரான் பஸ்ஸுக்கு பாடி கட்டினேன், அவளுக்கு ஒண்ணு கட்டக் கூடாதா? கட்டிலு, கக்கூஸ், கை கழுவற தொட்டி. சாமி பேர்ல கெளம்பறதுக்கு முன்னாடி வாசல்லயே நிறுத்தி, நீ இதுலயே இருந்து பாருன்னு சொன்னேன். எது சரியில்லயோ ஊர்லயே தெரிஞ்சிரணும்னு.

— வீட்டுக்குள்ள போகவே இல்லயா அண்ணி?

— படியேற முடியல தம்பி. மூச்சு வாங்குது.

— ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா. நான் வெளிய கட்டில் போட்டுப் படுத்திருந்தேன், கதவு தெறக்கற சத்தம், கொழாய் சத்தம் எல்லாம் கேட்டுச்சு. இந்தப் பச்சை மட்டும் அசையல.

— அண்ணே, ஸ்பேனரால டேங்க்கத் தட்டறேன், காது குடுங்க.

— டங்குன்னு கேக்குது.

— கீழயும் அதே சத்தம். நெறஞ்ச டேங்க்னா மொத்துனு இருக்கும். இது காலிக் கொடம் மாதிரி கேக்குதே.

— தகரம்ப்பா, அப்படித்தான் கேக்கும். நீ வால்வைத் தெற. பொறத்தால சாக்கடைக்கு பைப்பு மாட்டிருக்கேன். எல்லாத்தையும் விட்டுட்டு, ஸ்க்ரூவக் கழட்டித் தொடச்சிரலாம்.

— தம்பி, வேணாம்! அதைத் தெறக்காத!

— பைப்பு மாட்டிருக்கு அண்ணி, மேல தெறிக்காது. நீங்க கூச்சப்படாதீங்க. படுக்கைல கெடந்த எங்கம்மாவுக்கு எல்லாம் பாத்தவன்தான் நான்.

— தெறக்காதன்னு சொல்றேன்ல! ஏங்க, அவனை வெளிய வரச் சொல்லுங்க. நேரமாகுதுங்க. மாதாவே, கெளம்புங்களேன்!

— ஏன்டி கத்தற? மூச்சு வாங்குது பாரு. ரவி, நீ தெறப்பா.

— தெறந்தாச்சுண்ணே.

— இன்னா, வருதா?

— வருது... ஃபினாயில் தண்ணி. ஒரு மக்கு அளவு இருக்கும். நின்னு போச்சுண்ணே.

— அடைப்பா இருக்கும். கம்பி விடு.

— விட்டுட்டேன். கம்பி அந்தக் கடைசி வரைக்கும் இடிக்காம போகுது. உள்ள ஒண்ணுமே இல்லண்ணே. வேற வாசனையும் இல்ல.

— அந்த ஃபினாயில் நான் ஊத்தினது. அவ வண்டிக்கு வர்றதுக்கு முன்னாடி, டேங்க் நாறாம இருக்கட்டும்னு ஊத்தினேன்.

— அப்ப தைரியமா மேலருந்து ஊத்திரலாம். வால்வை மூடிட்டேன். பக்கெட்டைக் குடுங்க, நானே உள்ள வந்து ஊத்தறேன். அண்ணி, கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க... ஊத்தறேன். லைட்டு?

— மஞ்சள்.

— இன்னொரு பக்கெட். இப்ப?

— சிவப்பு.

— ஆய்த்துண்ணே! மீட்டர், வயர், ஸ்க்ரூ எல்லாமே சரியாத்தான் இருந்திருக்கு. ஒரு கோளாறும் இல்ல. டேங்க்தான் காலியா இருந்திருக்கு... அண்ணே? ஏன் அப்படியே உக்காந்துட்டீங்க?

— ரவி, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா.

— நான் இப்பதானே...

— போப்பா.

— சரிண்ணே.

— அமலி.

— தண்ணி குடிக்கலங்க, அதான். தண்ணி குடிச்சாத்தானே வரும்?

— நேத்து ஒரு சொம்பு நானே குடுத்தேன். என் முன்னாடிதான் குடிச்ச. ராத்திரி பூரா உள்ள போனியே, இன்னாத்துக்குப் போன?

— சும்மா.

— கொழாய் சத்தம் கேட்டுச்சே.

— கை கழுவற கொழாய்தான். உங்களுக்குக் கேக்கட்டும்னு தெறந்து விட்டேன்.

— காலைக் காட்டு. போர்வைய எடு... அடிப்பாவி. இன்னாடி இது, இப்படி வீங்கிக் கெடக்குது? வெரலு வெச்சா குழி விழுது. எப்பருந்து?

— வண்டில ஏறின அன்னிக்குக் கொஞ்சமா சொட்டுச்சு. டேங்க் வரைக்கும் கூடப் போயிருக்காது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. உக்காந்து உக்காந்து பாத்தேன். வரல.

— டாக்டர் இன்னா சொன்னார்? ஒண்ணுக்கு கொறஞ்சா அன்னிக்கே தூக்கிட்டு வாங்க, ஒரு நாள் கூட வெச்சிருக்காதீங்கன்னு சொன்னாரா இல்லயா? உன் எதுக்கத்தானே சொன்னார்?

— சொன்னார். ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின்ல போடணும்னும் சொன்னார்.

— தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?

— சொல்லிருந்தா வண்டி கெளம்பிருக்குமா?

— கெளம்பாது! இப்பவும் கெளம்பாது. திருப்பறேன். அரை மணில ஆஸ்பத்திரி.

— போயி?

— மிஷின் போடுவாங்க. பொழைப்ப.

— எங்க அக்காளுக்கும் போட்டாங்க. மூணாம் தடவை போட்டப்ப மிஷின்லருந்து உசுரோட எறக்கவே இல்ல. நாமதானே போயி ஒடம்பை வாங்கிட்டு வந்தோம்? எனக்கும் அப்படி ஆச்சுன்னா அவனுக்குத் தகவல் போகும். போலீஸ் புடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. ஒரு மணி நேரம் நிப்பான். செத்தப்புறம் அவனை எங்கிட்ட கொண்டாருவாங்கங்க. உசுரோட இருக்கறப்ப நாமதான் போகணும்.

— அவன் ஒருத்தனைக் கொன்னான். இப்ப உன்னையும் கொல்றான்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்றது? வெல்டிங் பொறி பட்டு கையெல்லாம் வெந்து போயி இதைக் கட்டினேன். எதுக்கு? நீ மானமா போயிட்டு வரணும்னு கட்டினேன். உள்ள ஒக்காந்து நீ சாகறதுக்கா கட்டினேன்? நான் வெளிய படுத்துக்கிட்டு, கொழாய் சத்தத்தைக் கேட்டு, பரவால்ல, அவளுக்கு இப்ப வசதியா இருக்குதுன்னு நிம்மதியா தூங்கிருக்கேன்டி. தூங்கிருக்கேன்.

— அழாதீங்க. ரோட்ல பாக்கறாங்க.

— பாக்கட்டும்.

— சரி. சரிங்க. திருப்புங்க. ஆஸ்பத்திரிக்கே போலாம். நான் இனிமே ஒண்ணும் கேக்கல. நீங்க அழறதை நான் பாத்ததே இல்ல. கண்ணத் தொடச்சுக்கோங்க.

— தொடச்சுட்டேன்.

— அவனுக்குன்னு கட்டி வெச்ச முறுக்கு அந்தப் பையில இருக்குது. எடுத்து ரவி தம்பிக்குக் குடுத்துருங்க. வீணா போயிரும்.

— பேசாம படு. தலைகாணிய ஒசத்தி வெக்கறேன். மூச்சு முட்டுதா?

— சாஞ்சு உக்காந்தா பரவால்ல.

— அண்ணே, டீ ஆறிடும்னு உங்களுக்கும் வாங்கிட்டு... இன்னாண்ணே ஆச்சு? அண்ணி ஏன் இப்படிக் கெடக்காங்க?

— அவளுக்கு ஒண்ணுக்கு நின்னு போயி ரெண்டு நாளாச்சு ரவி. அதான் டேங்க் காலி. என்னால ஓட்ட முடியாது. நீ ஓட்டறியா?

— அய்யய்யோ! ஏறுங்கண்ணே, ஏறுங்க! ஷெட்டை பக்கத்துக் கடைக்காரன் பாத்துப்பான். நீங்க பின்னாடி அண்ணிய புடிச்சுக்கோங்க. கம்பெனி பஸ்ஸெல்லாம் போயாச்சு, ரோடு ஃப்ரீயாத்தான் இருக்கும். பொம்மசந்திராகிட்ட யூ-டர்ன் போட்டேன்னா இருபது நிமிஷத்துல சிட்டிக்குள்ள போயிரலாம். எந்த ஆஸ்பத்திரிண்ணே?

— யூ-டர்ன் போடாத ரவி. அத்திபெலே தாண்டி நேரா சேலத்துக்கு விடு, நிறுத்தாம. இன்னிக்கே மனு போட்டு அவ புள்ளையப் பாக்கட்டும், அப்புறம் அங்கயே ஆஸ்பத்திரி. மொதல்ல நான் உள்ள போயி, பிரகாஷ்கிட்ட அம்மா வாசல்ல வந்திருக்கான்னு சொல்லணும்.