குனியாத சுடர்

இந்த அறையில் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதி மாட்டியிருக்கிறீர்கள். நல்லது. பலகைதான் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கோணலாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். முப்பது வருஷமாகப் பல் பார்க்கிறவனுக்கு அது தொழில் வியாதி. நேராக்கிவிட்டு உட்காரட்டுமா? வேண்டாம் என்றால் சரி.

பலகையின் அடியில் விதி எண் போட்டிருக்கிறது. அந்த விதிகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஏழாவது விதியின் கடைசியில் ஒரு விலக்கு வரும். பதிவு பெற்ற பைப் சங்கங்களின் உள்ளறைகளுக்கு இது பொருந்தாது என்று ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியை வாங்கியவன் நான். நான் மட்டும் என்று சொன்னால் மிகை. நானும் வானொலிக்காரரும்.

அவர் குரல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலைச் செய்தி வாசித்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும், கடையில் அவர் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் சங்கத்தில் இருபத்தாறு பேர். கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை, எட்டு நாற்காலி, சுவரில் பைப் வைக்க மரச்சட்டம். நான் செயலாளர். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தினம் சாயங்காலம் அந்த மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு உயிர் வரும். மேலே போனால் வானொலிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா பல்லு, உன்னைத்தான் தேடிட்டிருந்தோம்" என்பார். ஒருவரும் தேடியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

புகையிலைக்குப் புதிய வரைவு விதிகள் வந்தபோது அந்த அறைக்கு ஆபத்து வந்தது. பொது அறைகளை மூட வேண்டும், சில்லறையாகப் புகையிலை விற்கக் கூடாது, இன்னும் என்னென்னவோ. நான்கு மாதம் மக்கள் கருத்துச் சொல்லலாம், பிறகு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள். சிகரெட்காரர்களோடு சேர்த்து எங்களைப் பேசினாலே எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில்தான் வைத்திருக்கிறோம் என்பது எங்கள் வாதம். வாயில் வைத்திருக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அப்போதுதான் பத்திரிகையில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. 'உள்ளே நடப்பது தெரிந்த ஒருவர்' என்று கையெழுத்து. சங்கத்தில் நாங்கள் பேசியது அப்படியே வந்தது. யார் இருமினார்கள், யார் அதைக் கேலி செய்தார்கள் என்பது வரைக்கும் வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. தையல்காரர் மேல் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் அவர் அதிகம் பேச மாட்டார். நூலகர் மேல் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் அவர் அதிகம் பேசுவார். ஒரு மாதம் நான் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயையும் கவனித்தேன்.

அப்படிக் கவனித்ததில்தான் இன்னொன்று தெரிந்தது. பைப் பிடிக்கிறவன் எப்போதும் ஒரே பக்கத்துப் பல்லால்தான் அதைக் கவ்வுவான். சாகும்வரை மாற்ற மாட்டான். பைப்பின் வாய்முனையில் அந்தப் பல்லின் தடம் பதிந்திருக்கும். வானொலிக்காரருக்கு இடது பக்கம். அன்று வலது பக்கம் கவ்வியிருந்தார்.

"என்னண்ணே, பக்கம் மாத்திட்டீங்க?" என்றேன்.

"இடது பக்கம் பல்செட் உரசுது பல்லு. நாக்குல ஒரு புண்ணு. ஆறித் தொலைய மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே. அவ ஏற்கெனவே என் பைப்பை எங்க ஒளிச்சு வைக்கலாம்னு பார்த்துட்டிருக்கா."

மறுநாள் என் மருத்துவ அறைக்கு வரச் சொன்னேன். விளக்கைக் கிட்டே இழுத்து நாக்கைத் துணியால் பிடித்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் அரை விரல் நகம் அளவுக்குப் புண். விரலால் தொட்டால் அதன் விளிம்பு கெட்டியாக இருந்தது. பல்செட் உரசி வரும் புண்ணுக்கு விளிம்பு அப்படி இருக்காது. ஆனால் பல்செட்டும் உரசத்தான் செய்தது. அதனால் நான் சொன்னதில் பொய் இல்லை.

"வேண்டாதது ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"பல்செட்டுதான் அண்ணே. ராவி விடறேன். புண்ணையும் கொஞ்சம் சுத்தம் பண்ணி விடறேன்."

மரத்துப்போக ஊசி போட்டுச் சுத்தம் செய்தேன். பத்து நிமிஷ வேலை. இரண்டு நாளைக்குப் பைப்பைத் தொடாதீர்கள் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் அவரைப் பேச வைப்பது என்று முன்னமே முடிவு செய்திருந்தோம். எங்களிடம் வேறு என்ன இருந்தது? எதிர்த் தரப்பில் மருத்துவர்கள், புள்ளிவிவரங்கள், குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மார்கள். எங்கள் தரப்பில் ஒரு குரல். முப்பத்தெட்டு வருஷமாகப் பைப் பிடித்தும் கணீரென்று இருக்கும் குரல். ஊர் நம்பிக்கொண்டிருந்த குரல். நான் என்னிடம் வருகிற நோயாளிகளிடமெல்லாம் கையெழுத்து வாங்கினேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இருந்தும் பத்திரிகை எடுத்த கணக்கெடுப்பில் நாங்கள் மிகவும் பின்தங்கியிருந்தோம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் மறுபடியும் வந்தார். முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது.

"பல்லு, மறைக்காம சொல்லு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடவா?"

"தாராளமா காட்டலாம் அண்ணே. ஆனா இப்ப நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறதை ஒருத்தன் பார்த்தா போதும். மறுநாள் பேப்பர்ல வந்துடும். அந்தக் கடுதாசி எழுதறவன் யாருன்னே நமக்கு இன்னும் தெரியல. கூட்டம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ பார்த்தா போதும்டா எனக்கு" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி என்னை நம்பிச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்.

கூட்டத்தன்று பேசுவதற்குக் கால் மணி நேரம் முன்னால், மண்டபத்தின் பின்பக்கம் வைத்து, அவர் நாக்கில் வலி தெரியாமலிருக்க மருந்து தடவி விட்டேன். ஒன்பது நிமிஷம் பேசினார். "முப்பத்தெட்டு வருஷமா பைப் பிடிக்கிறேன். வீட்டுல யாரும் என் பேச்சைக் கேக்கறதில்ல. என் நாக்கு மட்டும் இன்னும் கேக்குது" என்றார். மண்டபமே சிரித்தது. எதிர்த் தரப்பு மருத்துவர்கூடச் சிரித்தார். கடைசியில் 'பொறுப்பு' என்று சொல்லும்போது நாக்கு ஓரிடத்தில் வழுக்கியது. அதை இரண்டு பேர்தான் கவனித்தோம். ஒன்று நான். இன்னொன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம். ஊர் வாய் ஒரே நாளில் மாறியது. பைப்காரர்கள் வேறு, மற்றவர்கள் வேறு என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் விதிகள் வெளியாயின, எங்கள் ஒன்றரை வரியோடு. அன்று சங்க அறையில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அறுபதை நெருங்கும் ஒருவனை யார் தூக்குவார்கள், சொல்லுங்கள்.

சொன்னபடியே அடுத்த நாள் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டிப் போனது நான்தான். நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்திருப்போம், பேச்சுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அந்தச் சின்ன வயது மருத்துவர் சொன்னார். நாக்கை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் சீட்டில் எழுதித்தான் பேசினார். தலையணை உயர்த்து. தண்ணீர். ஜன்னலை மூடு. ஒரு மத்தியானம், அவர் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, ஒரு சீட்டை என் பக்கம் தள்ளினார். 'பல்லு, அப்பவே உனக்குத் தெரியுமா?' செய்தி வாசித்தவர் அல்லவா, எழுத்து அப்போதும் மணி மணியாக இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். நோயாளியிடம் வேறு என்ன சொல்வது? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதம் இருந்தார்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால் அவர் கடைசியாகத் திறந்த புகையிலை டப்பாவை அறைக்குக் கொண்டு வருவோம். அதிலிருந்து அவரவர் பைப்பின் கிண்ணத்தை நிரப்பிக்கொள்வோம். வீட்டாரில் ஒருவர் ஒவ்வொருவர் பைப்புக்கும் தீக்குச்சி கிழித்து வைப்பார். பேசாமல் புகைத்து முடிப்போம். அண்ணி வர மாட்டார் என்று நினைத்தேன். பைப் என்றாலே அவருக்கு ஆகாது. வந்தார். தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

தையல்காரருக்கு வைத்தார், நூலகருக்கு வைத்தார், ஒவ்வொருவராக என்னிடம் வந்தார். பைப்பை இழுக்கும்போது சுடர் கிண்ணத்துக்குள் குனியும். விட்டால் நிமிரும். நாங்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரு பைப்காரரோடு குடும்பம் நடத்தியவர் கவனிப்பார். என் பைப்பின் மேல் சுடர் நேராக நின்றது. குச்சி விரல்வரை எரிந்தது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்று கிழித்தார்.

"இழுங்க தம்பி."

நான் வாயில் வைத்தபடியே இருந்தேன். சுடர் நிமிர்ந்தே இருந்தது.

"எப்போலேர்ந்து விட்டீங்க?"

"இருமல் அண்ணி. கொஞ்ச நாளாத்தான்."

என் வாயிலிருந்து பைப்பை உருவி மோந்து பார்த்தார். பைப் வாயிலேயே அணைந்து கிடப்பது சகஜம். அணைந்த பைப்போடு ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எங்களில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த நம்பிக்கையில்தான் நானும் இருந்தேன். அறையே எங்களைப் பார்த்தது.

"பேப்பர்ல எழுதினது நான்தான் தம்பி" என்றார். சத்தம் போடவில்லை. "இங்க பேசறதையெல்லாம் அவரே வீட்டுல வந்து சொல்லுவார். ராத்திரி தூக்கத்துல அவர் வலியில முனகறதைக் கேட்டுட்டுத்தான் எழுதினேன். இந்த ரூமை மூடிட்டா அவர் வீட்டுல இருப்பார், புண்ணை யார்கிட்டயாவது காட்டுவார்னு நெனச்சேன். நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்க சொன்னா கேட்டிருப்பாரே."

பைப்பை என் மடியில் வைத்துவிட்டு, புகார் கொடுக்க உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். வந்திருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன். வயதான காலத்தில் எதற்கு இந்த அலைச்சல்.

நேற்று என் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தீர்கள். பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை. நாக்கின் இடது ஓரத்துச் சதை, புற்றுநோய் உறுதி என்று இருக்கிறது. நோயாளியின் பெயர் என்ற இடத்தில் என் பெயர், என் வயது. உங்கள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. எனக்கு ஒரு நோயும் இல்லை. வேண்டுமானால் நாக்கை நீட்டுகிறேன், பாருங்கள்.

அது அவருடைய சதை. சுத்தம் செய்த அன்று எடுத்தது. அவர் பெயரில் அனுப்பினால் அங்கே யாராவது பார்த்துவிடுவார்கள், அந்தப் பெயர் ஊருக்கே தெரியும். அதனால் என் பெயரில் அனுப்பினேன். அறிக்கை கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே வந்துவிட்டது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை படித்தேன். என் பெயருக்கு நேராக அந்த நோய். அன்று சாயங்காலமே என் பைப்பைத் தட்டிக் காலி செய்தேன், பிறகு பற்றவைக்கவேயில்லை. அவருக்கு வழக்கம்போலத் தீப்பெட்டியை நீட்டினேன்.

எனக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே சந்தேகம், பத்தாம் நாள் உறுதி. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். அவர் என்னிடம் மூன்று முறைதான் கேட்டார். இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.