அஞ்சாவதா உக்காந்தவன் பேசுறேன்

இல்லவே இல்ல, தையக்காரரே! உங்க விரல் மேல ஒரு குத்தமும் இல்ல! காலையிலகூட உங்க வாசல்ல நின்னு கத்தினேன். "என் விரல்தான்யா என் சம்சாரத்தைக் கொன்னுச்சு, நீ போய் உன் மக விழாவுல பேசு"ன்னு கதவைச் சாத்திட்டீரு. சாத்தும்! இப்ப மைக்கு என் கையில. இத்தனை பேருக்கு முன்னால சொல்றேன், இல்ல, இல்ல, இல்லவே இல்ல!

மன்னிக்கணும், முறைப்படி வர்றேன். சிரிப்பைச் சிக்கனமாச் செலவழிக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில முழங்காலைத் தடவிக்கிட்டிருக்கும் மூத்தவர்களே, பெத்து வளத்துப் பெருமையோட உக்காந்திருக்கும் தாய்மார்களே, பேச்சைக் கேக்குற மாதிரியே போனைப் பாக்குற பிள்ளைகளே, பயிற்சிக்கு வந்து இன்னைக்கு நிரந்தர டிசைனர்னு ஆர்டர் வாங்கி மேடையில இருக்கும் என் கடைசி மகளே, வணக்கம்!

வேலை நிரந்தரமானா வீட்டுப் பெரியவங்க அஞ்சு நிமிஷம் பேசணுமாம், இந்தக் கம்பெனி வழக்கம். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவனைக் கூப்பிட்டது உங்க தலையெழுத்து.

என் மக செஞ்சது என்ன? ஆம்புலன்ஸ் கூப்பிடுற ஆப். செக்கச்செவேல்னு ஒரு வட்டம். தொட்டா போதாது, மூணு எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும். சட்டைப்பையில தானா பட்டு வண்டி வந்துடக் கூடாதாம். கீழ எழுதியும் இருக்கு, எறும்பு சைசுல.

வெளிய விடுறதுக்கு முன்னால ஒரு பரீட்சை. படிப்பு கம்மியான, அந்த ஆப்பைக் கண்ணாலயே பாக்காத அஞ்சு பேரு. "வீட்டுல ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு, வண்டியைக் கூப்பிடுங்க"ன்னு ஒவ்வொருத்தர் கையிலயும் போனைக் கொடுப்பாங்க. ஆப்பைச் செஞ்சவ பக்கத்துலயே இருப்பா, ஆனா வாயைத் திறக்கக் கூடாது. மூணு பேரு ஜெயிச்சா ஆப் ஜெயிச்சுது, இவ வேலையும் ஜெயிச்சுது. ரெண்டு பேரு ஜெயிச்சாங்க. ரெண்டு பேரு தட்டித் தட்டித் தோத்தாங்க. அஞ்சாவது ஆளு யாரு? ஐயாதான்!

"அப்பா, இதை நீங்க முன்ன பாத்ததில்லையே?"ன்னு கேட்டா.

"உம்மேல சத்தியமா இல்லம்மா"ன்னேன்.

கை தட்டாதீங்க தம்பி, அது பொய்ச் சத்தியம்! அவ குளிக்கப் போறப்பெல்லாம் போனை எடுத்துப் பாத்தேன், பழகினேன், பத்து நாள் பாடம் பண்ணினேன். பரீட்சையில நாலே வினாடி! தலைவரே சிரிச்சிட்டாரு. "இந்தப் பெரியவருக்கே முடியுதுன்னா யாருக்கு முடியாது?"ன்னாரு.

யாருக்கு முடியலைன்னு சொல்லட்டுமா? என் அடுத்த வீட்டுத் தையக்காரருக்கு முடியல! சம்சாரம் சமையக்கட்டுல சாஞ்சப்ப முடியல! "என் மக செஞ்சதுய்யா"ன்னு பீத்திக்கிட்டு அந்த ஆப்பை அவரு போன்ல போட்டு விட்டவன் யாரு? நான்! அமுக்கிப் பிடிக்கணும்னு சொல்லாம விட்டவன் யாரு? நான்! தட்டினாரு, தட்டினாரு, நாப்பத்தியொரு தடவை தட்டினாரு. உங்க கம்ப்யூட்டரே எண்ணி வெச்சிருக்கு. வண்டி வரல. அந்தம்மா போயிட்டாங்க. "பயன்படுத்தியவரின் பிழை"ன்னு அவருக்குக் கடுதாசி அனுப்பினீங்க. கண்ணாடி போடாம ஊசி கோக்குற கைய்யா அது! அந்தக் கையிலயா பிழை? பிழை இந்த வாயில! பொய் சொன்ன இந்த வாயில!

என்ன தம்பி, நேரம் ஆச்சா? வராத ஆம்புலன்ஸை யாரும் நேரம் கேக்கல, என்னைக் கேக்குறீங்களா? உக்காருங்க.

தலைவரே, அந்த வட்டம் இன்னைக்கு எத்தனை போன்ல இருக்கு? எத்தனை வீட்டுல இருக்கு? இப்பக்கூட எவன் தட்டிக்கிட்டிருக்கானோ! நிறுத்துங்க! நெசமாவே பாக்காத அஞ்சு பேரை உக்கார வைங்க. என் மக தோத்தா தோக்கட்டும். ஆர்டரைத் திருப்பிக் கேட்டாலும் கேளுங்க. தையக்காரருக்கு மட்டும் "பிழை எங்களது"ன்னு ஒரு வரி...

என்னம்மா, எந்திரிச்சிட்ட? உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லத்தானே வர்றேன். படி பாத்து எறங்கு. யாரும் பிடிக்காதீங்க அவளை. ஆர்டரைக் கசக்காதம்மா, அது உன்... சரி, கசக்கு.

ஒரு நிமிஷம் நில்லும்மா, நன்றி மட்டும் சொல்லிடறேன். பொறுமையாக் கேட்ட பெரியவங்களுக்கும், தாய்மாருங்களுக்கும்... இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாரேன்... உங்க எல்லாருக்கும் என்னோட...